தங்கவயலில் சுக்கினி சாகுபடி: வங்கிக் கடனுக்கு முன் போட வேண்டிய கணக்கு

கோலார் தங்கவயல்: விதைத்த 45 முதல் 50 நாட்களில் காய் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால், குறுகிய காலத்தில் பணம் தரும் பயிராகச் சுக்கினி பேசப்படுகிறது. ஆனால், தக்காளியைப் போல எந்த மண்டியிலும் இறக்கி விற்றுவிடக்கூடிய காய் அல்ல இது. எனவே, கடன் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே தண்ணீர், வாங்குபவர், ஒரு நாளைய பறிப்பு அளவு ஆகிய மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம் பெங்களூருவுக்குச் செல்லும் ரயிலை நம்பியே இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயமே முதன்மைத் தொழில். ஓய்வுக்காலப் பணத்தையோ வீட்டு நகையையோ முதலாக்கி விவசாயத்தில் இறங்கும் குடும்பத்துக்கு, திட்டம் பிழைத்தால் இழந்த பணத்தை மீட்க வேறு வழி இருப்பதில்லை.

சுக்கினி ஏன்?

பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த சுக்கினி, கொடியாகப் படராமல் புதராக வளர்வது. பச்சை, மஞ்சள் ஆகிய இரு நிறங்களில் விற்பனையாகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்த தங்கவயலின் மிதமான வெப்பநிலை இப்பயிருக்கு ஏற்றது. உணவகங்கள், நட்சத்திர விடுதிகள், பல்பொருள் அங்காடிகள் நிறைந்த பெங்களூரு சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையில் ஹொஸ்கோட்டே முதல் பேத்தமங்கலம் வரையிலான பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதால் பயண நேரமும் குறைந்துள்ளது.

விதைத் தேர்வில் தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு ரகங்களே சந்தையில் மிகுதி. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பூசா அலங்கார்' போன்ற ரகங்களும் உள்ளன. வாங்குபவர் எந்த நிறமும் நீளமும் கேட்கிறார் என்பதை அறிந்தபின் விதை வாங்குவதே முறை.

நிலமும் ஆவணமும்

சுரங்க நிறுவனத்தின் நிலங்கள் மத்திய அரசுக்கு உரியவை. அங்குள்ள குடியிருப்பில் நெடுங்காலம் வசிப்பவராயினும், அந்த நிலத்தைப் பயிர்க் கடனுக்கு ஈடாகக் காட்ட இயலாது. சயனைட் மேடுகளுக்கு அருகிலுள்ள நிலமாயின், வழக்கமான மண் பரிசோதனையுடன் உப்புத்தன்மை, ஆர்செனிக் உள்ளிட்ட கன உலோகங்கள் ஆகியவற்றுக்கான ஆய்வும் அவசியம். மேட்டிலிருந்து காற்றில் பறக்கும் துகள் பயிரின்மீது படியக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். எனினும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலங்களை அரசின் முன் அனுமதியின்றி விற்பதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பஹணியில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், அந்த நிலம் முதலில் யாருக்கு எவ்வாறு கிடைத்தது என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

இம்மாநிலத்தில் விவசாய நிலக் குத்தகைக்குச் சட்டத் தடைகள் உள்ளதால், பெரும்பாலான குத்தகைகள் வாய்மொழியாகவே நடக்கின்றன. எழுத்து ஆவணம் இல்லாதவர் வங்கியில் தனியாக நிற்பது கடினம். இத்தகையோர் நால்வர் முதல் பதின்மர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் கடன் பெற நபார்டு வகுத்த முறை வழிசெய்கிறது. கிசான் கடன் அட்டைத் திட்டமும் வாய்மொழிக் குத்தகைதாரர்களை விலக்கவில்லை.

தண்ணீர் கணக்கு

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் கோலார். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இம்மாவட்டத்தின் வழியே சென்றாலும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டுவது இங்கு சாதாரணம். நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதி என்பதால், புதிய கிணறு தோண்ட முன் அனுமதி தேவை.

ஒரு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், சுமார் 20,000 லிட்டர் வேண்டும். மணிக்கு 3,000 லிட்டர் தரும் கிணறு 7 மணி நேரம் ஓடினால்தான் அந்த அளவு கிட்டும். சொட்டுநீரும் நிலப்போர்வையும் இத்தேவையைக் கணிசமாகக் குறைக்கும். கிணற்றின் விளைச்சலைக் கோடையில் அளந்து பார்த்து, அதற்குத் தக்கபடி பரப்பை முடிவு செய்ய வேண்டும். மழைக்காலத்து அளவை வைத்துத் திட்டமிட்டால் காய் பிடிக்கும் நேரத்தில் நீர் போதாமல் போகும்.

பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளில் நிரப்பும் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018 முதல் செயல்படுகிறது. நிலத்தடி நீரைச் செறிவூட்டுவதே அதன் நோக்கம். அந்த ஏரிகளை ஒட்டிய நிலங்களில் கிணற்று நீரின் தரத்தைப் பரிசோதித்துச் சான்று வைத்திருப்பது நல்லது. சுக்கினி பச்சையாகவும் உண்ணப்படுவதால், பெரிய நிறுவனங்கள் இதைக் கேட்கக்கூடும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?

வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 0.6 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 5,600 செடிகள் வரும். செடிக்கு 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 11,200 கிலோ. இது 35 நாட்களில் பறிக்கப்பட்டால், நாளொன்றுக்குச் சராசரியாக 320 கிலோ.

இதில்தான் சிக்கல் உள்ளது. சுக்கினியை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் காய் பெருத்து, விதை முற்றி, விலை போகாது. விலை ஏறும் வரை செடியில் விட்டுவைக்க முடியாது. மென்மையான தோல் எளிதில் சிராய்க்கும். 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தாலும் சுமார் 10 நாட்களே தாங்கும். அதற்கும் கீழே குளிரூட்டினால் காய் கெட்டுவிடும்.

எனவே, ஒரே நாளில் ஒரு ஏக்கரையும் விதைப்பதைவிட, 10 குண்டே (25 சென்ட்) வீதம் நான்கு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு பகுதியாக விதைப்பது பாதுகாப்பானது. 10 குண்டேயில் கிடைக்கும் நாளொன்றுக்கு 80 கிலோவை ஒரு சிறிய சரக்கு வாகனத்தில் பிற காய்களுடன் அனுப்பிவிடலாம். விடுதிகளும் அங்காடிகளும் எதிர்பார்ப்பது ஆண்டு முழுவதும் தடையில்லாத வரத்தையே.

கோலாரின் மண்டி தக்காளிக்குப் புகழ்பெற்றது. 2023 ஜூலையில் தக்காளியின் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், சில வாரங்களில் சரிந்ததும் இவ்வட்டார விவசாயிகள் அறிந்ததே. விலை வீழ்ந்தாலும் தக்காளியை எடுக்க வியாபாரிகள் இருப்பார்கள். சுக்கினிக்கு அந்த உறுதி இல்லை. 1959இல் தொடங்கிய ஹாப்காம்ஸ் கூட்டுறவு அமைப்பு, சஃபல் சந்தை, பல்பொருள் அங்காடிகளின் கொள்முதல் மையங்கள் ஆகியவற்றை நேரில் அணுகி, வாரத்துக்கு எத்தனை கிலோ, எந்தத் தரம், எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் பெறுவது அவசியம். கர்நாடகத்தில் 1990களிலிருந்து ஏற்றுமதிக்கான கெர்கின் வெள்ளரி இவ்வாறே முன்கூட்டி விலை பேசிய ஒப்பந்தத்தில் பயிரிடப்படுகிறது. அளவுக்குத் தக்க விலை, அன்றாடப் பறிப்பு என இரண்டுக்கும் நிலைமை ஒன்றே.

எந்த விலைக்கு விற்றால் முதல் தேறும்?

விதை, உரம், நிலப்போர்வை, பறிப்புக் கூலி, பெட்டி, வாகன வாடகை, கமிஷன் அனைத்தும் சேர்த்து ஏக்கருக்கு 1,50,000 ரூபாய் ஆவதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். 11,200 கிலோவும் விற்றால் கிலோவுக்கு 13 ரூபாய் 40 காசு கிடைத்தாலே முதல் தேறும். 20 சதவீதம் தரம் பிரிப்பில் கழிந்தால் இது ஏறக்குறைய 17 ரூபாயாகும். நோயால் மகசூல் பாதியாகி, அதிலும் 20 சதவீதம் கழிந்தால் 33 ரூபாய் 50 காசு கிடைத்தாக வேண்டும். கடைசிக் கணக்கிலும் தவணை கட்ட முடியுமா என்பதே திட்டத்தின் உண்மையான சோதனை.

மகசூல் பாதியாவது அரிதன்று. அசுவினி பரப்பும் மஞ்சள் தேமல் நச்சுயிரி நோய், வெள்ளை ஈயால் இலை வெளிறுதல், சாம்பல் நோய், பழ ஈ ஆகியன முக்கிய எதிரிகள். தக்காளி அடர்ந்த கோலாரில் வெள்ளை ஈக்குப் பஞ்சமில்லை. பீர்க்கு, வெள்ளரி, பூசணித் தோட்டங்களுக்கு அருகில் பயிரிட்டால் நோய் எளிதில் தாவும். பெண் பூ ஒரு நாள் காலையில் மட்டுமே விரிவதால், அந்நேரம் தேனீ வராவிட்டால் பிஞ்சு நுனியிலிருந்து சுருங்கி உதிரும். பூச்சிமருந்தை மாலையில் மட்டுமே தெளிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கடன் எவ்வளவு கிடைக்கும்?

சாகுபடிச் செலவுக்கு முதன்மை வழி கிசான் கடன் அட்டை. 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் செலுத்துவோருக்கு 3 சதவீதச் சலுகை போக, 4 சதவீதமே சுமை. இந்த வரம்பை 5 லட்சமாக உயர்த்துவதாக 2025–26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. ஈடு இல்லாத விவசாயக் கடனுக்கான வரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாயாக்கியுள்ளது.

கடன் தொகை, மாவட்ட அளவிலான குழு ஒவ்வொரு பயிருக்கும் நிர்ணயிக்கும் கடன் அளவைப் பொறுத்தது. அதனுடன் அறுவடைக்குப் பிந்தைய, குடும்பச் செலவுகளுக்கு 10 சதவீதமும், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேரும். சுக்கினிக்குத் தனி அளவு இல்லையெனில் பிற காய்கறிக்கான அளவே பொருந்தும். அது ஏக்கருக்கு 60,000 ரூபாய் என்று கொண்டால், கிடைப்பது 78,000 ரூபாய். செலவு 1,50,000 எனில் மீதி 72,000 ரூபாய் கைப்பணமாக இருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கந்துவட்டியில் நிரப்புவோருக்குப் பயிர் நன்றாக விளைந்தாலும் லாபம் நிற்காது.

சொட்டுநீருக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல்படி சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும் பிறருக்கு 45 சதவீதமும் மானியம் உண்டு; மாநில அரசு கூடுதலாகச் சேர்க்கிறது. தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதன அறை ஆகியவற்றுக்கு, 2020இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியத்தின்கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கும். இவை குழுவாகச் செய்வோருக்கே கட்டுப்படியாகும். மானியம் பெரும்பாலும் பணி முடிந்து ஆய்வுக்குப் பின்னரே வரவு வைக்கப்படுவதால், அதை முதலீடாகக் கணக்கிடக் கூடாது. பயிர்க் காப்பீடு மாநில அரசு அறிவித்த பயிர்களுக்கு மட்டுமே செல்லும். பட்டியலைத் தோட்டக்கலை அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதை முதலில் செய்வது?

கோடையில் கிணற்றை அளத்தல், மண், நீர் பரிசோதனை, நில ஆவணச் சரிபார்ப்பு, வாங்குபவரின் எழுத்துறுதி ஆகியவை முடிந்த பின்னரே வங்கிக்குச் செல்வது பொருத்தம். முதல் பருவத்தில் 10 குண்டேக்கு மேல் போகாமல், நாள்தோறும் பறித்த எடை, கழிந்த எடை, கிடைத்த விலை, பணம் கைக்கு வந்த தேதி ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். அடுத்த பருவத்தில் பரப்பை விரிக்க வங்கி மேலாளரிடம் காட்டுவதற்கு அந்தக் குறிப்பேடே வலுவான ஆவணம். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், இழப்பு கால் ஏக்கரோடு நின்றுவிடும்.