அண்டை வீட்டாரின் பண்டிகையும் நம் நல்வாழ்த்தும்

அன்று பெருநாள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்தனர். அங்கு வந்த ஹஸ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் அதைக் கண்டித்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, சிறுமியரை விட்டுவிடுமாறு பணித்து, ஒவ்வொரு சமுதாயத்தாருக்கும் ஒரு பெருநாள் உண்டென்றும், இது நம்முடைய பெருநாள் என்றும் அருளினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

நமக்கெனத் தனிப் பெருநாள் உண்டு. பிறருக்கும் அவரவர்க்குரிய திருநாட்கள் உண்டு. இவ்விரு உண்மைகளும் அவ்வருள்வாக்கில் அடங்கியுள்ளன.

வாசக அன்பர்களே! தீபாவளியன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் அண்டை வீட்டார் இனிப்புத் தட்டுடன் நம் வாசலுக்கு வருகின்றனர். 'வாழ்த்துக் கூறலாமா, கூடாதா?' என்னும் ஐயத்தால் நாம் வாயடைத்து நிற்பதுண்டு. நம் மௌனம் பேணுதலால் விளைந்தது என்பதை அவர்கள் அறியார், வெறுப்பென்றே எண்ணிவிடக்கூடும்.

ஹுதைபிய்யா உடன்படிக்கை (கி.பி. 628) நடப்பிலிருந்த காலத்தில், அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் மகளைக் காண மதீனா வந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவாதவர். அவரை உபசரிக்கலாமா என மகளார் வினவியபோது, தாயுடன் உறவு பேணுமாறே பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மார்க்கத்தின் பொருட்டு நம்முடன் போரிடாதவர்களுக்கும், நம்மை வீடுகளைவிட்டு வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதே திருமறையின் 60-ஆம் அத்தியாயம், 8-ஆம் வசனத்தின் கருத்தாகும்.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, அண்டை வீட்டு யூதருக்கு அனுப்பப்பட்டதா என்றே அவர்கள் கேட்டார்கள்.

பண்டிகை வாழ்த்தைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கி.பி. 1350-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள், பிற சமயச் சடங்குகளுக்காக வாழ்த்துவது கூடாதென்றார்கள். 2022-இல் மறைந்த யூசுப் அல்-கர்ளாவி அவர்களோ, நம்முடன் இணக்கமாய் வாழ்வோரை வாழ்த்தலாம் என்றார்கள். எனினும், பிறருடைய வழிபாட்டில் பங்குகொள்ளலாகாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆம், வழிபாடு வேறு, அண்டை வீட்டாருக்குரிய உரிமை வேறு. படையலிட்ட பண்டத்தை நாம் உண்பதில்லை என்பதை இன்சொல்லால் எடுத்துரைத்தால் எவரும் மனம் நோகார். வாழ்த்தத் தயங்குவோர்கூட முகமலர்ந்து வரவேற்கலாம், நலம் விசாரிக்கலாம். பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்று திருமறை (6:108) விலக்கியிருப்பதைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

நமக்கு முகமன் கூறியவருக்கு அதனினும் அழகியதையோ, அதற்கு ஒப்பானதையோ திருப்பிக் கூறுமாறு திருமறை (4:86) கட்டளையிடுகிறது. நம் நோன்புப் பெருநாளன்று 'ஈத் முபாரக்' என்று மனமுவந்து கூறுவோருக்கு, அவர்தம் திருநாளில் நாம் அளிக்கும் மறுமொழி மௌனமாக இருத்தல் தகுமா? சிந்தித்துப் பாருங்கள்.

ஈமானில் உறுதியையும் பழகுவதில் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.