பேச்சில் விளைந்தவை – 14: திக்குவாய் மருத்துவரும் பேசும் மரத்தலையும்

லூனார் சங்கத்துக்காரர்களைப் பர்மிங்காமில் சாப்பாட்டு மேசைமுன் உட்காரவைத்துவிட்டுச் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். முழுநிலவை ஒட்டிக் கூடுவார்கள், விருந்துண்டு பேசிவிட்டு நிலா வெளிச்சத்தில் வீடு திரும்புவார்கள். இதற்கு மேல் பழைய கதை வேண்டாம். வில்லியம் விதரிங் ஃபாக்ஸ்குளோவ் செடியை மருந்தாக்கிய வரலாற்றை இந்த வாரம் சொல்வதாக ஏற்பாடு. அதற்காகப் படித்துக்கொண்டிருக்கையில் ஓர் ஒப்பந்தச் சீட்டு எதிர்ப்பட்டது. அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

1771 செப்டம்பர் 3 அன்று சோஹோவில் எழுதிய சீட்டு அது. எழுதியவர் மேத்யூ போல்ட்டன். பொத்தானும் பக்கிளும் வெள்ளிச் சாமானும் செய்து நாடு நாடாக அனுப்பிய பட்டறை முதலாளி. லிச்ஃபீல்டு டாக்டர் டார்வின் இன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் மக்கள் பேசும் மொழியிலேயே சொல்லும் கருவி ஒன்றைச் செய்து ஒப்படைத்தால், ஆயிரம் பவுன் தருகிறேன் என்கிறார். கருவியின் உரிமை முழுவதும் தனக்கு மட்டுமே என்றும் எழுதிக்கொள்கிறார். சாட்சிகள் இருவர்: ரசாயனத்தில் தேர்ந்த ஜேம்ஸ் கெய்ர், மருத்துவர் வில்லியம் ஸ்மால். இந்த ஸ்மால்தான் அமெரிக்காவில் இளம் ஜெஃபர்சனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர்.

இதை விருந்து மேசை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. சிரிப்பு கலந்திருக்கும்தான். ஆனால் விளையாட்டுக்கு எழுதுகிறவன் கெடு வைப்பானா, உரிமை யாருக்கு என்று பார்ப்பானா? ஆயிரம் பவுன் என்பது ஒரு தொழிலாளி பல்லாண்டு பாடுபட்டாலும் சேர்க்க முடியாத தொகை. போல்ட்டன் அந்தக் கருவியில் ஒரு சரக்கைப் பார்த்திருக்கிறார் என்பதே என் எண்ணம்.

டாக்டர் டார்வின் என்பவர் பரிணாமக் கொள்கை தந்த சார்லஸின் தாத்தா எராஸ்மஸ். பருத்த உடம்பு, ஓயாத வைத்தியம், கை வைக்காத துறை இல்லை. அவருக்குத் திக்குவாய். திக்குவது தொந்தரவாக இல்லையா என்று கேட்டவரிடம், யோசிக்க நேரம் கிடைக்கிறது, வேண்டாத கேள்வி கேட்காமலும் தப்பிக்கிறேன் என்று பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ஒவ்வொரு சொல்லும் உதட்டில் வந்து முட்டி நிற்கும் ஒருவர்தான் உதடும் மூக்கும் மூச்சும் சேர்ந்து சொல்லை எப்படி ஆக்குகின்றன என்று அக்கறையோடு ஆராய்ந்தார்.

அவர் செய்த பேசும் தலையை அவரே விவரித்திருக்கிறார். அவர் இறந்தபின் 1803-இல் வெளிவந்த நூலின் குறிப்புகளில் அது இருக்கிறது. மரத்தாலான வாய். மெத்தென்ற தோலில் உதடுகள். வாயின் பின்புறம் மூக்குத் துளைக்காக ஒரு மூடி. உதட்டையும் மூடியையும் விரலால் அழுத்தினால் சட்டென்று திறக்கும், சட்டென்று அடைபடும். குரலுக்கு, லேசாகக் குடைந்த வழவழப்பான இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பட்டு நாடா. நீளம் ஓர் அங்குலம், அகலம் கால் அங்குலம். துருத்தியிலிருந்து மெல்லிய காற்று அந்த நாடாவின் ஓரத்தில் பட்டால் அது அதிர்ந்து மனிதக் குரல் போல ஒலிக்கும்.

இப்போது உதட்டை மூடி, மூக்கையும் அடைத்து, காற்றைத் தேக்கிச் சட்டென்று விடுங்கள். ‘பல்’லில் வரும் ப. குரலையும் சேர்த்துவிட்டால் ‘கம்பு’வில் வரும் ப. உதடு மூடியிருக்க மூக்கை மட்டும் திறந்தால் ம. எல்லாம் திறந்திருந்தால் அகரம். இவ்வளவுதான் அந்தத் தலைக்குத் தெரிந்த எழுத்து. இவற்றை வைத்தே அது ‘மாமா’, ‘பாப்பா’ என்றது. ஆளைப் பார்க்காமல் கேட்டவர்கள் மனிதக் குரல் என்றே ஏமாந்தார்களாம். உதட்டை மெல்ல மெல்ல மூடும்போது குரலில் ஓர் ஏக்கம் தொனித்தது என்றும் டார்வின் எழுதுகிறார். பதின்மூன்று அசைவுகள் இருந்தால் எல்லாச் சொல்லையும் பேசவைக்கலாம் என்று கணக்கும் போட்டார். ஆனால் மற்ற வேலைகள் அவரை அதற்கு மேல் விடவில்லை. பத்துக் கட்டளைகளில் ஒன்றைக்கூட அந்தத் தலை சொல்லவில்லை. ஆயிரம் பவுனும் கைமாறவில்லை.

இதே ஆசை வியன்னாவில் கெம்பலனையும் பிடித்திருந்தது. தன் பேசும் பொறியைப் பற்றி அவர் 1791-இல் நூலே எழுதினார். அதைப் பின்பற்றி வீட்ஸ்டன் செய்த பொறியை 1863-இல் லண்டனில் ஒரு பதின்வயதுப் பையன் பார்த்தான். எடின்பரோ திரும்பியதும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து தாங்களும் ஒரு தலை செய்து ‘மம்மா’ என்று கத்தவைத்தார்கள். குழந்தை எங்கே அழுகிறது என்று அக்கம்பக்கத்தார் தேடி வந்துவிட்டார்கள். அந்தப் பையன் அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

பெரிய மூளைகளோடு பேசினால் என்ன கிடைக்கும் என்ற கேள்வியோடுதான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். கருத்து எல்லா மேசையிலும் கிடைக்கும். பர்மிங்காம் மேசையில் கருத்துச் சொன்னவரிடம், சரி, எப்போது செய்து தருவீர் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். வைத்தியர் ஒலியைப் பற்றிப் பேசுகிறார். உமக்கு இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பொத்தான் வியாபாரி பேனாவை எடுக்கிறார், இருவர் சாட்சி போடுகிறார்கள். அந்தச் சங்கம் நடவடிக்கைக் குறிப்பு வைத்துக்கொண்டதில்லை. பேசியதில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. ஒருவரையொருவர் எழுத்தில் கட்டிப்போட்ட இடங்கள் மட்டுமே நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

விதரிங்குக்கு இனி இடமில்லை. பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். ஆனால் இந்தத் திக்குவாய் வழியாகவே அவரிடம் போய்ச் சேரலாம். எராஸ்மஸின் மூத்த மகன் பெயரும் சார்லஸ்தான். அவனுக்கும் திக்குவாய். ஆங்கிலமே பேசக்கூடாது என்று சொல்லிச் சிறுவயதில் ஆசிரியர் ஒருவருடன் பிரான்சுக்கு அனுப்பினார் தந்தை. திரும்பி வந்தவன் பிரெஞ்சைத் திக்காமல் பேசினான், ஆங்கிலத்தில் திக்கினான். பின்னாளில் எடின்பரோவில் மருத்துவம் படிக்கையில் பிணம் அறுக்கும்போது விரலில் பட்ட காயம் விஷமாகி, 1778-இல் 19 வயதில் இறந்துபோனான். மகனின் ஆய்வை 1780-இல் எராஸ்மஸ் அச்சிட்டார். அதன் கடைசியில் ஃபாக்ஸ்குளோவ் கொடுத்துப் பார்த்த நோயாளிகளின் விவரங்களும் வந்தன. விதரிங்கின் பெயர் அதில் இல்லை. ஸ்மால் இறந்தபின் விதரிங்கைப் பர்மிங்காமுக்கு வரச்சொன்னவரே எராஸ்மஸ்தான். அந்த இருவரும் பகையானது இந்தச் செடியால். நியாயம் விதரிங் பக்கம் என்பது என் கட்சி. காரணங்களை அடுத்த வாரம் வைக்கிறேன்.