வில் பாடியதைக் குரல் பாடினால்

மேற்கத்திய இசையில் மிகச் சோகமானது எது என்று 2004-இல் பிபிசி வானொலி தன் நேயர்களிடம் கேட்டது. முதலிடத்தில் வந்தது அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய ‘அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’. 1945-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது வானொலியில் ஒலித்தது அதுதான். 1963-இல் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, ஆளில்லாத அரங்கில் ஓர் ஆர்கெஸ்ட்ரா அதை வாசிக்க, வானொலி அதை ஒலிபரப்பியது. ‘பிளட்டூன்’ படம் பார்த்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். இவ்வளவு பேரை அழவைத்த அந்த இசையில் ஒரு சொல்கூடக் கிடையாது.

1967-இல் பார்பரே அதற்குச் சொல் கொடுத்தார். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் வரும் ‘ஆக்னஸ் தேயி’ (‘இறைவனின் ஆட்டுக்குட்டியே’) மன்றாட்டின் லத்தீன் வரிகளை அதே மெட்டில் பொருத்தி, கொயருக்காக, அதாவது சேர்ந்து பாடும் குழுவுக்காக, எழுதினார்.

கேட்பவர்களுக்குள் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. சொல் இல்லாதவரை அந்தத் துக்கம் என் சொந்தத் துக்கமாக இருந்தது, இப்போது அது கோயிலுக்குப் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு குரலுக்கே. யாரிடம் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்த இசை, இங்கே ஒருவரைப் பார்த்து இரக்கம் கேட்கிறது, முடிவில் அமைதி கேட்கிறது. லத்தீன் தெரியாதவர்களுக்கும், சாமி கும்பிடாதவர்களுக்கும்கூட அந்தக் கெஞ்சல் புரிந்துவிடுகிறது.

காரணம் மூச்சு. வயலின் வில்லுக்கு மூச்சு முட்டாது. பாடுகிறவருக்கு முட்டும். இந்த மெட்டோ படிப்படியாக, அவசரமே இல்லாமல் மேலே ஏறுகிறது. இழை அறுந்துவிடாதிருக்க, கொயரில் ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். உச்சத்தை எட்டும்போது, மிக உயர்ந்த பெண் குரல்களான சோப்ரானோக்கள் தங்கள் குரலின் எல்லையில் நிற்கிறார்கள். பிறகு சட்டென்று நிசப்தம். வயலினில் அந்த உயரத்தைக் கேட்டு வியக்கிறோம். தொண்டையில் கேட்கும்போது நமக்கே நெஞ்சு அடைக்கிறது, மயிர்க்கூச்செறிகிறது. பார்பர் முறையாகப் பாட்டுப் பயின்றவர். அவருடைய பெரியம்மா லூயிஸ் ஹோமர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் புகழ்பெற்ற பாடகி. ஒரு குரலை எதுவரை இழுக்கலாம் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

குறையும் இருக்கிறது. தொடக்கத்தைத் தந்திகள்தான் நன்றாகச் செய்கின்றன. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒலி வந்துவிடுகிறது. குரலில் அந்த மாயம் பாதிதான். சில பதிவுகளில் தேவாலய எதிரொலியை அள்ளிப் பூசி, எட்டுப் பங்குக் குரல்களையும் கூழாக்கி, தியான வகுப்புக் கேசட் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அவற்றைத் தள்ளிவிடலாம்.

இரண்டையும் கேட்டிராதவர்கள் ‘ஆக்னஸ் தேயி’யில் தொடங்குங்கள். எட்டு நிமிடம்தான். தந்தி வடிவம் எப்படியும் ஏதாவது ஒரு சினிமா வழியாக உங்களிடம் வந்து சேர்ந்துவிடும்.