சீனா என்ன சொல்லுது, எந்தச் சொல்லை விட்டுடுச்சு?

2020 ஜூன்ல, கல்வான்ல நம்ம வீரர்கள் 20 பேர் உயிரிழந்த அந்த வாரம், சீனப் பேச்சாளர் ஒருத்தரோட காரமான வாக்கியத்தை நானும் வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணேன். "அடுத்து போர்தான்"னு ஒரு வரியும் சேர்த்தேன். அது தப்பான வாசிப்பு. ஏன் தப்புங்கிறதுதான் இந்த எபிசோட்.

எங்க வேலையில புது வெர்ஷன் வந்தா ரிலீஸ் நோட்ஸ் படிப்போம். என்ன சேர்த்தாங்கங்கிறதைவிட, எதைச் சத்தமில்லாம எடுத்தாங்கங்கிறது பல நேரம் முக்கியம். சீன அரசோட பேச்சையும் அப்படிப் படிக்கலாம்.

1989 தியானன்மென்னுக்குப் பிறகு மேற்கு நாடுகள் தடை விதிச்சாங்க. 1991ல சோவியத் யூனியன் உடைஞ்சது. அப்போ டெங் சியாவோபிங் பேரால நிலைச்ச கொள்கை, 'ஒளியை மறைத்து, அடக்கமாக வலுச் சேர்'. முதலீடும் ஏற்றுமதிச் சந்தையும் தேவைப்பட்ட நாட்டுக்கு எதிரிகள் வேண்டாம்.

2003ல செங் பிச்சியான்ங்கிற கட்சி அறிஞர் 'அமைதியான எழுச்சி'ன்னு சொன்னார். தலைவர்களும் பேசினாங்க. ஆனா அடுத்த வருஷமே அது 'அமைதியான வளர்ச்சி' ஆயிடுச்சு. 'எழுச்சி'ன்னா அண்டை நாடுகள் பயப்படும். 'அமைதி'ன்னா தைவானை மிரட்ட முடியாதுன்னு உள்ளேயே எதிர்ப்பு. ஒரு சொல் போனதுல ஒரு விவாதமே தெரியுது.

2013ல ஷி ஜின்பிங் அண்டை நாடுகள் பற்றிய கூட்டத்துல 'முனைந்து சாதிப்போம்'னார். அதே வருஷம் பட்டுப்பாதைத் திட்டம் வந்துச்சு, தென்சீனக் கடல்ல செயற்கைத் தீவு வேலையும் ஆரம்பிச்சது. 2017 கட்சி மாநாட்டுல, சீனா உலக மேடையின் மையத்தை நெருங்குதுன்னு பேசினார். அந்த வருஷம்தான் ஜிபூட்டியில முதல் வெளிநாட்டு ராணுவத் தளம். 'மறைத்து' போயே போச்சு.

2020ல 'ஓநாய் வீரர்' பாணி: சாவோ லிஜியான் மாதிரி பேச்சாளர்கள் ட்விட்டர்லயே சண்டை போட்டாங்க. 2021 மே மாதம் ஷி, சீனாவுக்கு 'நம்பத்தக்க, நேசிக்கத்தக்க, மதிக்கத்தக்க' பிம்பம் வேணும்னார். 2023 ஜனவரியில சாவோ வேற துறைக்கு மாற்றப்பட்டார். ஆனா கட்டின தீவுகள் அங்கேயேதான் இருக்கு.

அதாவது, தொனி வேற, திட்டம் வேற. பேச்சாளர் கத்துறது அந்த வாரத்துக்கானது. கட்சி மாநாட்டுல ஒரு சொல் மாறினா, அது பல வருஷத்துக்கானது. அதனால ஃபார்வர்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி நான் இப்போ மூணு கேள்வி கேட்டுக்கிறேன். சொன்னது யாரு? எந்த மேடையில? அதுக்குப் பிறகு பணமும் கப்பலும் எந்தப் பக்கம் நகர்ந்துச்சு?

மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, அந்த மெசேஜ் என் போன்லயே நின்னுடும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.