கைப்பக்குவம் மட்டும் போதுமா?

சிறுதொழில் தொடங்கும் பெண்களோடு பல காலமாகப் பழகி வருகிறேன். "ருசியாகச் சமைத்தால் கடை தானாக ஓடும்" என்று அவர்கள் நம்பிக்கையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் கறுப்பினப் பெண்கள் இருவர் நடத்திய உணவகங்களைப் பற்றிப் படித்த பின்னர், அந்த நம்பிக்கையோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லியா சேஸ் 1923இல் பிறந்தவர். வெள்ளையரின் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தார். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அத்தகைய இடங்களில் அமர்ந்து உண்ண அவருக்கு அனுமதி இல்லை. 1946இல் திருமணமாகி, கணவரின் பெற்றோர் 1941இல் தொடங்கிய 'டூக்கி சேஸ்' என்ற சிறிய சாண்ட்விச் கடைக்கு வந்தார். அதையே வெள்ளை மேசைவிரிப்புப் போட்ட நல்ல உணவகமாக மாற்றினார். சம உரிமைக்காகப் போராடியவர்கள் அதன் மேல்மாடியில் கூடித் திட்டமிட்டனர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பதைச் சட்டம் தடுத்திருந்த காலம் அது.

அருகிலேயே வில்லி மே சீட்டன் என்ற மூதாட்டி, தாம் குடியிருந்த கட்டிடத்திலேயே பொரித்த கோழிக்குப் பேர்போன கடையை நடத்தினார். 2005 மே மாதம் நாட்டின் உயர்ந்த சமையல் விருதுகளில் ஒன்று அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 29இல் கத்ரினா சூறாவளி வந்தது. இரு கடைகளிலும் வெள்ளம் புகுந்தது. அப்போது லியாவுக்கு 82 வயது, வில்லி மேக்கு 89.

லியாவும் கணவரும் கடைக்கு எதிரே அரசு கொடுத்த தற்காலிகக் கூண்டுவீட்டில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தனர். 2006 பெரிய வியாழனன்று நகரின் மற்ற உணவகத்தினர் கூடி, லியாவின் புகழ்பெற்ற கீரைக் குழம்பைப் பரிமாறி அவருக்காக நிதி திரட்டினர். வில்லி மேயின் கடையைத் தொண்டர்கள் வந்து திருத்திக் கொடுத்தனர். 2007இல் இரண்டும் திறந்தன.

கதவு திறந்தாலும் அயல் பழையபடி இருக்கவில்லை. லியாவின் கடைக்கு எதிரே இருந்த லபிட் வீட்டுத்திட்டம் உட்பட, ஏழைகள் குடியிருந்த நான்கு பெரிய வீட்டுத்திட்டங்களை இடிக்க 2007 டிசம்பரில் மாநகரசபை ஏகமனதாக முடிவு செய்தது. வீடு திருத்த அரசு கொடுத்த உதவிப்பணமும் பலருக்குக் குறைந்தது. திருத்தும் செலவு, வீட்டின் பழைய சந்தை விலை ஆகிய இரண்டில் குறைந்ததே கணக்கில் எடுக்கப்பட்டது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளில் விலை குறைவு; ஆகவே உதவியும் குறைவு. இது பாகுபாடு என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2011இல் இணக்கத்துக்கு வந்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. பாட்டன் காலத்து வீட்டுக்கு முறையான உறுதி மாற்றாதவர்கள், தம் வீடு என்று நிரூபிக்க முடியாமல் தவித்தனர்.

2000ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் 2010இல் அந்நகரில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் குறைந்திருந்தனர். அவர்கள் வாழ்ந்த ட்ரெமே பகுதியில் உல்லாசப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடும் வீடுகள் பெருகின. வாடகையும் கூடியது. அந்த மண்ணின் சமையலைத் தேடித்தான் பயணிகள் வருகிறார்கள். ஆனால் அதைச் சமைத்த கைகளுக்கு அங்கே குடியிருக்க இடமில்லை. இப்படியான நகரில் புதிதாகக் கடை போட நினைக்கும் கறுப்பினச் சமையற்காரிக்குப் பாட்டியின் செய்முறை இருக்கலாம். ஈடு வைக்கக் காணியோ கடன் தரும் வங்கியோ இருப்பது அரிது.

சகோதரிகளே, லியா தொண்ணூறு வயது கடந்தும் சமையலறையை விடவில்லை. 2019இல் 96 வயதில் காலமானார். அவருடைய உழைப்பை நான் போற்றுகிறேன். அதோடு இன்னொன்றையும் கவனிக்கிறேன். இந்த இரு பெண்களுக்கும் திரும்பி வரக் குடும்பத்தின் இடம் இருந்தது, தோள்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். வாடகைக்கு இருந்த அவர்களுடைய வாடிக்கையாளர் பலருக்கு அந்த இடம் இல்லாமற் போயிற்று. ஆகவே தொழில் தொடங்கும்போது அடுப்பையும் சட்டியையும் பார்ப்பதுபோல, நிலம் யார் பெயரில் இருக்கிறது, உறுதி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அயலவர் திரும்பி வரும் உரிமைக்காகவும் சேர்ந்து குரல் கொடுங்கள். அவர்கள் வந்தால்தான் நம் கடைக்கும் ஆள் வரும்.