பாதியில் நின்ற நகலை யார் துடைப்பது?

ஒரு சர்வரில் இருக்கும் டேபிளை இன்னொரு சர்வருக்குப் பிரதியெடுத்து, பிறகு நடக்கும் மாற்றங்களையும் உடனுக்குடன் அனுப்பிக்கொண்டே இருப்பதற்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்று பெயர். கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. எவ்வளவு வேகமாக நகல் எடுக்கிறது என்பதை வைத்தே இதைப் பெரும்பாலும் எடைபோடுகிறார்கள். நடுவழியில் மின்சாரம் போனாலோ நெட்வொர்க் அறுந்தாலோ, எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைத் துடைத்துவிட்டுப் போகிறது என்பதுதான் இதன் தரத்தைச் சொல்லும் என்பது என் கருத்து. வேகம் குறைந்தால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். துடைப்பது தவறினால், தவறே செய்யாத மூல சர்வர் படுத்துவிடும்.

நகலெடுப்பு நடக்கும்போது மூல டேபிள் சும்மா இருப்பதில்லை. பல கோடி வரிகளை அள்ளிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் புதிய வரிகள் சேரும், பழையவை திருத்தப்படும். அதனால் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் டேபிள் எப்படி இருந்ததோ அப்படியே முழுவதையும் அள்ளுவது முதல் கட்டம். அந்த நொடிக்குப் பிறகு நடந்த மாற்றங்களை வரிசையாகச் செய்து முடித்து, மற்ற டேபிள்களோடு சமநிலைக்கு வருவது இரண்டாவது. இந்த இரண்டாம் கட்டத்துக்கு, நடந்த மாற்றங்களின் பதிவேட்டை மூல சர்வர் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருக்கச் சொல்லும் குறிப்புதான் ஸ்லாட். ஊருக்குப் போன வாடிக்கையாளருக்காகக் கடைக்காரர் தினசரிகளை எடுத்து அடுக்கி வைப்பதைப் போன்றது இது. அவர் திரும்பி வரும்வரை, அல்லது வேண்டாம் என்று சொல்லும்வரை, அடுக்கு வளர்ந்துகொண்டே போகும்.

13-ஆம் பதிப்பு வரை இந்த ஸ்லாட் தற்காலிகமானது. இணைப்பு அறுந்தால் தானாகவே மறைந்துவிடும். இரண்டு கட்டங்களும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடந்தன. எங்கே விழுந்தாலும் எல்லாம் பின்வாங்கி, முதலிலிருந்து தொடங்கும். மிச்சம் மீதி எதுவும் கிடக்காது. இந்தச் சுத்தத்துக்குக் கொடுத்த விலை பெரிது. பெரிய டேபிளை மணிக்கணக்கில் அள்ளி முடித்த பிறகு, சமநிலைக்கு வரும் கடைசித் தறுவாயில் நெட்வொர்க் ஒரு கணம் அறுந்தாலும் அத்தனை உழைப்பும் வீண். கடைசிவரை எதுவுமே உறுதியாகாததால், மூல சர்வரும் அதுவரை தன் பதிவேட்டை விடாமல் சுமக்க வேண்டியிருந்தது.

2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு இதை மாற்றியது. அள்ளிய வரிகளும், 'அள்ளியாயிற்று' என்பதைக் குறிக்கும் 'எஃப்' என்ற ஒற்றை எழுத்தும் ஒரே கமிட்டில் பதிவாகின்றன. ஒன்று, இரண்டும் இருக்கும். இல்லையென்றால், இரண்டும் இருக்காது. வரிகள் வந்து குறிப்பு விட்டுப்போவதற்கோ, குறிப்பு இருந்து வரிகள் இல்லாமல் போவதற்கோ இடமே இல்லை. இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே வடிவமைத்தவர்களின் கவனம் தெரியும். அதன்பின் ஒவ்வொரு மாற்றமும் செய்து முடிக்கப்படும்போது, பதிவேட்டில் எதுவரை வந்தாயிற்று என்ற இடமும் அதே கமிட்டோடு சேர்ந்து பதிகிறது. கிராஷுக்குப் பின் எழுந்து வரும், நகல் சர்வரில் இந்த வேலையைச் செய்யும் வேலையாள் நிரல் முதலில் அந்த எழுத்தைப் பார்க்கும். 'எஃப்' இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். 'டி' இருந்தால், அள்ளுவது பாதியில் நின்றது என்று பொருள்; பழைய ஸ்லாட் மூல சர்வரில் கிடந்தால் நீக்கிவிட்டு, புதிதாகத் தொடங்கும். அள்ளும் கட்டத்திலேயே விழுந்தால் இன்றும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமானால், இணைப்பு அறுந்தாலும் ஸ்லாட் உயிரோடு இருக்க வேண்டும். எனவே அது நிரந்தரமாக்கப்பட்டது. துடைக்கும் பொறுப்பு அங்கேதான் பிறக்கிறது. ஸ்லாட் இருப்பது மூல சர்வரில். அதை நீக்க வேண்டியதோ நகல் சர்வர். ஒரு சர்வரில் டிரான்சாக்‌ஷன் பின்வாங்கினால், இன்னொரு சர்வரில் உருவான ஸ்லாட் தானாகப் பின்வாங்காது. அதனால்தான் ஸ்லாட்டின் பெயருக்குள்ளேயே சந்தாவின் (மூல சர்வரின் மாற்றங்களைக் கேட்டு நகல் சர்வர் வைத்திருக்கும் பதிவின்) எண், டேபிளின் எண், நகல் சர்வரின் அடையாள எண் மூன்றும் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் மறந்துபோய் எழுந்தாலும், தான் விட்டுச்சென்றது எது என்று வேலையாளால் பெயரைக் கொண்டே கண்டுபிடித்துவிட முடியும்.

பழைய முறையே எளிமையானது, எளிமையே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. சிறிய டேபிள்களுக்கு அது உண்மைதான். ஆனால் டேபிள் பெரிதாகப் பெரிதாக நகலெடுக்கும் நேரமும் நீள்கிறது. நேரம் நீள நீள இடையில் ஏதாவது அறுந்துபோகும் வாய்ப்பும் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும் முறை, ஓர் அளவுக்கு மேல் போனால் கரைசேரவே முடியாத முறையாகிவிடும்.

இன்னும் வலுவான கேள்வி ஒன்று இருக்கிறது: யாரும் வந்து கேட்காத ஸ்லாட்டை மூல சர்வரே தூக்கி எறிந்துவிட்டால் என்ன? சிக்கல் என்னவென்றால், செத்துப்போன நகல் சர்வரும், நெட்வொர்க் சரியாவதற்காகக் காத்திருக்கும் நகல் சர்வரும் மூல சர்வரின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அவசரப்பட்டு எறிந்தால், உயிரோடு இருப்பவருக்கு வர வேண்டிய மாற்றங்கள் தொலைந்துபோகும். எனவே போஸ்ட்கிரெஸ் இந்த முடிவை நிர்வாகியிடம் விடுகிறது. ஸ்லாட்டுக்காக எவ்வளவு பதிவேடு வரை சேர்க்கலாம் என்ற வரம்பை 13-ஆம் பதிப்பு முதலும், எவ்வளவு காலம் சும்மா கிடந்தால் செல்லாததாக்கலாம் என்ற வரம்பை 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பு முதலும் வைக்கலாம். இரண்டுமே இயல்பாக இயங்குவதில்லை, நாமாகத்தான் வைக்க வேண்டும். இயல்பு நிலையில் பதிவேட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. இந்த இயல்பு எனக்கு உடன்பாடில்லாதது. மாற்றங்கள் தொலைவதை விட டிஸ்க் நிரம்பி மூல சர்வரே நிற்பது மேல் என்று எல்லா நிறுவனமும் முடிவெடுக்காது.

துடைக்கும் பொறுப்பு நிர்வாகியின் கைக்கே வரும் இன்னோர் இடமும் உண்டு. சந்தாவை நீக்கும்போது மூல சர்வரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் நீக்கும் கட்டளை தோற்றுவிடும். அப்போது சந்தாவை முடக்கி, அதற்கும் ஸ்லாட்டுக்கும் உள்ள உறவைத் துண்டித்துவிட்டு நீக்கலாம். அப்படிச் செய்பவர், மூல சர்வர் மீண்டும் எழுந்ததும் அங்கே போய் ஸ்லாட் பட்டியலைப் பார்த்து, மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்புவதற்கான, சந்தாவின் முதன்மை ஸ்லாட்டையும் டேபிள் நகலெடுப்புக்காக உருவாகி மிஞ்சிக் கிடக்கும் ஸ்லாட்களையும் கையாலேயே நீக்கியாக வேண்டும்.