வானூர்தியில் மிதிவண்டி எடுத்துச் செல்லல்

வானூர்தியில் மிதிவண்டி எடுத்துச் செல்லல் என்பது, வெளிநாட்டில் மிதிவண்டிச் சுற்றுலா மேற்கொள்வோர் தமது சொந்த மிதிவண்டியைக் கழற்றிப் பெட்டியிலிட்டு, பயணப் பொதியாக உடன் கொண்டு செல்வதைக் குறிக்கும். நண்பர்கள் குழுவாகச் செல்லும்போது ஒருவரின் மிதிவண்டி சேதமடைந்தாலும் குழு முழுவதும் முதல் நாளிலேயே நின்றுவிட நேரும். எனவே, சுற்றுலாவின் முக்கியமான கட்டங்களுள் இதுவும் ஒன்றாகும்.

வரலாறு

வானூர்திக்கும் மிதிவண்டிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1903 ஆம் ஆண்டில் எந்திர வானூர்தியைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், 1892 முதல் மிதிவண்டிக் கடை நடத்தியவர்கள். அவர்களது முதல் வானூர்தியின் சுழல்விசிறிகள் சங்கிலியாலும் பற்சக்கரங்களாலும் இயக்கப்பட்டன.

இந்தியாவிலிருந்து குழுவாக மேற்கொள்ளப்பட்ட தொடக்ககால நெடும்பயணங்களுள் ஒன்று 1923 அக்டோபர் 15 அன்று மும்பையில் தொடங்கியது. புறப்பட்ட அறுவருள் ஆதி ஹக்கிம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே ஏறத்தாழ 71,000 கி.மீ. பயணத்தை முடித்து, 1928 மார்ச்சில் திரும்பினர். அவர்கள் கடல்களைக் கப்பலில் கடந்தனர். இன்று சில மணி நேரத்தில் கடக்க முடிகின்றது. ஆனால் மிதிவண்டி பெட்டிக்குள் அடங்க வேண்டியுள்ளது.

பொதியிடல்

புதிய மிதிவண்டிகள் கடைகளுக்கு வந்து சேரும் அட்டைப்பெட்டியே பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. முன்சக்கரம், பெடல்கள், கைப்பிடி, இருக்கை ஆகியன கழற்றப்படும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது. அதை வலஞ்சுழியாகத் திருப்பியே கழற்ற வேண்டும். முன்சக்கரம் இல்லாத முன்கவை நசுங்காமலிருக்க, அதன் இரு முனைகளுக்கிடையே கட்டை ஒன்று பொருத்தப்படும். எளிதில் வளையக்கூடிய பின் கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றிச் சட்டத்தின் உட்புறம் கட்டுவது நன்று.

ஒரு பொதியின் எடை 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஒரே வானூர்தியில் ஏற்றக்கூடிய மிதிவண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கலாம் என்பதால், குழுவினர் முன்கூட்டியே நிறுவனத்திற்குத் தெரிவிப்பது அவசியம். கருவிகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் வைத்தால், அப்பெட்டி தவறும்போது எவராலும் மிதிவண்டியைப் பூட்ட இயலாது. எனவே அவை பல பெட்டிகளில் பிரித்து வைக்கப்படுகின்றன.

டயர் அழுத்தம்

வானத்தில் டயர் வெடித்துவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. பயணிகள் வானூர்தியின் பொதியறையும் பயணிகள் அறையைப் போன்றே அழுத்தமூட்டப்பட்டதாகும். அங்குள்ள அழுத்தம் பொதுவாக 2,400 மீட்டர் உயரத்தில் நிலவும் காற்றழுத்தத்தை விடக் குறைவதில்லை. தரைமட்டத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ 4 பி.எஸ்.ஐ. மட்டுமே. அதாவது, 60 பி.எஸ்.ஐ. காற்றடைத்த டயர் 64 பி.எஸ்.ஐ. காற்றடைத்தது போலிருக்கும். ஆயினும் பல நிறுவனங்கள் காற்றைக் குறைக்குமாறு கோருகின்றன. சிறிது காற்றை விட்டுவைத்தால் ரிம்முக்குப் பாதுகாப்பாக அமையும்.

தடைசெய்யப்பட்ட பொருள்கள்

பஞ்சர் ஒட்டும் ரப்பர் கரைசல் தீப்பற்றக்கூடியது என்பதால் அனுமதிக்கப்படுவதில்லை; பசையுடன் கூடிய ஒட்டுகளை எடுத்துச் செல்லலாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலங்களுக்குப் பயணிகள் பொதியில் அனுமதி இல்லாமையால், மின்மிதிவண்டிகளை அவற்றின் மின்கலத்துடன் கொண்டு செல்வது பொதுவாக இயலாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் மண் ஒட்டிய டயர்கள் உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தப்படும். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் பயணிகள் பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை உள்ளதால், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அங்கு எடுத்துச் செல்ல முடியாது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதியிலிருந்து

இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ 11 கி.மீ. இடைவெளியில், திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744 இல் அமைந்துள்ளன. மதுரை வானூர்தி நிலையம் இராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து புறப்படுவோருக்குப் பொதிகை விரைவுத் தொடர்வண்டி இரு ஊர்களிலும் நின்று செல்கின்றது.

புறப்படும் முன் மிதிவண்டியை ஒருமுறை கழற்றிப் பெட்டியிலிட்டு, மீண்டும் பூட்டி, முழுச் சுமையுடன் ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள ஒத்திகையாகும். இரு நகரங்களுக்கிடையே சென்று திரும்பும் 22 கி.மீ. தூரத்தில், இருபுறப் பைகளின் சமநிலைக் குறைவும் சரியாக இறுக்கப்படாத திருகுகளும் வெளிப்பட்டுவிடும். இப்பகுதி பெரும்பாலும் சமதளம் ஆதலால் ஏற்றத்தில் சுமையை அறிய இயலாது. அதற்கு இதே நெடுஞ்சாலையில் செங்கோட்டைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவு கணவாய் ஏற்றதாகும்.

இலங்கை, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போன்றே சாலையின் இடப்பக்கம் செல்ல வேண்டும். வியட்நாமிலும் ஐரோப்பியப் பெருநிலப்பரப்பிலும் வலப்பக்கம் செல்ல வேண்டும் என்பதால், முதல் நாளில் கூடுதல் கவனம் தேவைப்படும்.

திரும்பி வருதல்

விலையுயர்ந்த மிதிவண்டியை எடுத்துச் செல்வோர், புறப்படும்போதே இந்தியச் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். இதில் சட்ட எண் முதலியன குறிக்கப்படுவதால், திரும்பும்போது அது வெளிநாட்டில் வாங்கப்பட்டதன்று என நிறுவ எளிதாகும். வெளிநாட்டில் சுற்றுலாவை முடிக்கும் ஊரில் பெட்டி கிடைக்குமா என்பதையும் புறப்படும் முன்னரே உறுதி செய்தல் வேண்டும்.